முன்சீப் வேதநாயகம் பிள்ளை

வழக்காடும் ஒருவனுக்குத் தன் வழக்கு எக்காரணம் பற்றித் தீர்ந்ததென்பது விளங்காதாயின், அத்தீர்ப்பு எத்துணை நேரியதாயினும், அவனுக்கு அது விதியின் செயலாகவே தோன்றும். இக்குறையினை நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்து, அதனை நீக்க எழுதுகோல் எடுத்த தமிழர் ஒருவர் உளர். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள். தமிழில் முதல் நாவல் இயற்றியவரென அவரை யாவரும் அறிவர். நீதித்துறையில் அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தார் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே, 1826-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகவாய் இவர் தோன்றினார். குடும்பத்தார் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். 1848-ஆம் ஆண்டில் அந்நியாயஸ்தலத்திலேயே பத்திரங்களைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, 1850-இல் மொழிபெயர்ப்பாளரானார். தமிழே அறிந்த குடியானவனுக்கும் ஆங்கிலமே அறிந்த நீதிபதிக்கும் இடையே நின்று, ஒருவர் சொல்லை மற்றவர்க்கு உணர்த்தும் பணி அது. ஒரு சொல் பிறழின் ஒருவன் நிலம் பிறன்கைப் போம். இப்பணியிற் பெற்ற பயிற்சியே அவர்தம் பிற்காலத் தொண்டுக்கு வித்தாயிற்று எனலாம்.

1857-ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமனம் பெற்றார். அவ்வூர் 1845 வரை டேனியர் ஆட்சியில் இருந்தது. ஆட்சி மாறின் சட்டமும் மாறும் என்பது கோட்டக்குப்பத்தாராகிய எமக்குப் புதிதன்று. புதுச்சேரியை ஒட்டிய எம்மூரெல்லைக்கு அப்பால், 1954 வரை பிரெஞ்சுச் சட்டமும், இப்பால் சென்னையின் சட்டமும் நடந்தன. இருபாலும் மக்கள் பேசியது தமிழே. இருபாலும் சட்டம் பேசியது அயன்மொழியே.

பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாயிருந்த பிள்ளையவர்கள், சென்னைச் சதர் கோர்ட்டார் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புக்களைச் சுருக்கித் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் வெளியிட்டனர். 1862-ஆம் ஆண்டிலே சதர் கோர்ட்டு மறைந்து, சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பெற்றது. நீதிமன்றம் மறையினும் அதன் தீர்ப்புக்கள் தமிழில் நிலைத்தன.

இதன் பெருமையை உணர, தீர்ப்பின் ஆற்றலை அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் 1803-ஆம் ஆண்டு, மார்பரி என்பார் மாடிசன் மீது தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அரசியலமைப்புக்கு மாறான சட்டம் செல்லாதென்று முடிவு கூறினார். ஒருவர் உத்தியோகம் பற்றி எழுந்த அவ்வழக்கு, அந்நாட்டுச் சட்டமன்றத்துக்கே எல்லை வகுத்தது. மேன்மன்றம் கூறும் முடிவு கீழ்மன்றங்கட்கு வழிகாட்டியாதலின், தீர்ப்புக்களை அறியாதவன் சட்டத்தில் ஒரு பாதியே அறிந்தவனாவான். அம்மற்றைப் பாதியைத் தமிழர்க்குத் திறந்துவிட்டவர் பிள்ளையவர்கள்.

1859-இல் வெளியிட்ட ‘நீதிநூ’லிலே கைக்கூலி வாங்குதலைக் கடிந்தார். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலே, தமிழ்நாட்டில் தமிழர் வழக்கைத் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிப்பதை நகைத்துரைத்தார். கதையாயினும் அது நீதிமன்றத்து நாற்காலியில் அமர்ந்து கண்டவர் கூற்றன்றோ!

சமயத்தாற் கிறிஸ்தவராயினும், சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இவர்தம் ஆருயிர் நண்பர். இவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடியவரும் அவரே. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்திற் பசித்தோர்க்கு உணவளித்தார். அவ்வறத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனத்தாற் புகழ்ந்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விரும்பியது முற்றும் நிறைவேறிற்றா? கீழ்மன்றங்களிலே தமிழ் இடம் பெற்றுளது. 2019 முதல் உச்சநீதிமன்றமும் தன் தீர்ப்புக்கள் சிலவற்றைத் தமிழில் வெளியிட்டு வருகின்றது. எனினும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி, அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி ஆங்கிலமே. தமிழும் அங்கு ஏறவேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானித்தும் அது கைகூடவில்லை.

சட்டச் சொற்களுக்கு ஏற்ற தமிழ் இல்லை என்பார் இன்றும் உளர். அகராதித் துணை அருகியிருந்த காலத்திலே, உத்தியோகச் சுமையினிடையே, தனியொருவர் ஐம்பத்தேழாண்டுத் தீர்ப்புக்களைத் தமிழாக்கிய செய்தி அவர்க்குத் தக்க விடையாகும். தமிழ் பயிலும் நாம் காப்பியங்களோடு நின்றுவிடாது, சட்டநூல்களையும் தமிழிற் கொணர முற்படுவோமாயின், அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் கடனாகும்.