ஒரு பலகை, இரண்டு ஃபெராரி, 13 நாள்கள்: எஃப்1 ரசிகர்கள் இன்னும் சண்டை போடும் ஜில் வில்நெவ் கதை

2025 செப்டம்பர், இத்தாலியின் மோன்சா. மெக்லாரன் அணியின் லேண்டோ நோரிஸுக்கு பிட் ஸ்டாப்பில் ஒரு சக்கரம் மாட்டத் தாமதமாகிவிட, சக வீரர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி அவரைத் தாண்டிப் போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது அணி. பியாஸ்ட்ரியும் கொடுத்தார். இத்தனைக்கும் அது இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கான விஷயம். ஜெயித்தது வேறு அணியின் வெர்ஸ்டாப்பன். ஆனாலும் ரேஸ் முடிந்த பிறகு ரசிகர்கள் பேசியது முழுக்க இதைப் பற்றித்தான். அணி சொன்னது நியாயமா? ஓட்டுநர் கேட்டிருக்க வேண்டுமா?

2013-ல் மலேசியாவில் இதற்கு நேர் எதிர். ரெட் புல் அணி சொன்னதைக் கேட்காமல் மார்க் வெப்பரை முந்திப் போய் ஜெயித்தார் செபாஸ்டியன் வெட்டல். அப்போதும் இதே பஞ்சாயத்துதான்.

இந்த மாதிரி வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் 1982, இமோலா என்று ஆரம்பித்துவிடுவார். கூடவே ஒரு பெயரும் வரும்: ஜில் வில்நெவ். ஒரு முறைகூட உலக சாம்பியன் ஆகாதவர். 67 ரேஸ்களில் 6 வெற்றி, அவ்வளவுதான். பிறகு ஏன் 40 வருடங்களுக்கு மேலாகியும் அவரை விட மாட்டேன் என்கிறார்கள்?

பனியில் கற்ற பாடம்

வில்நெவ் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1950 ஜனவரி 18-ல் பிறந்தார். வளர்ந்தது பெர்தியெவில் என்ற சின்ன ஊர். பிற்காலத்தில் பலரும் அவர் 1952-ல் பிறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் அவரேதான். லேட்டாக வந்த ஆளை ஐரோப்பிய அணிகள் ஏறெடுத்தும் பார்க்காது என்று வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்லியிருந்தார்.

அவர் முதலில் ஓட்டிப் பெயர் வாங்கியது கார் அல்ல, ஸ்னோமொபைல். பனியில் சறுக்கிப் போகும் வண்டி. 1974-ல் அமெரிக்காவின் ஈகிள் ரிவரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை வென்றார். முன்னால் போகும் வண்டி வாரி இறைக்கும் பனித்தூளில் எதுவுமே தெரியாது. வண்டி நேராகவும் போகாது. கண் தெரியாமல், சறுக்கிக்கொண்டே ஓட்டுவது அவருக்குப் பழகிப்போனது இப்படித்தான். மழையில் மற்றவர்கள் தடுமாறும்போது இவர் மட்டும் ஜாலியாக ஓட்டியதன் ரகசியம் இதில் இருக்கிறது.

காருக்கு மாற பணம் வேண்டும். வீட்டை விற்றார். மனைவி ஜோஆன், இரண்டு குழந்தைகளோடு ஒரு மோட்டார் ஹோமில் வாழ்க்கை. ரேஸ் நடக்கும் ஊரெல்லாம் குடும்பமும் கூடவே போனது. 1976-ல் அமெரிக்கா, கனடா இரண்டு ஃபார்முலா அட்லாண்டிக் பட்டங்களையும் அள்ளினார். அதே வருடம் த்ருவா ரிவியேரில் நடந்த ரேஸில் விருந்தினராக வந்திருந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹன்ட், அந்த சீசனின் எஃப்1 சாம்பியனாகப் போகிறவர். அவரையும் வில்நெவ் தோற்கடித்தார். ஹன்ட் திரும்பிப் போய் தன் மெக்லாரன் அணியிடம் இந்த ஆளைக் கவனியுங்கள் என்று சிபாரிசு செய்தார்.

1977 சில்வர்ஸ்டோனில் மெக்லாரன் ஒரு பழைய காரைக் கொடுத்து வாய்ப்பளித்தது. நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால், அடுத்த சீசனுக்கு மெக்லாரன் எடுத்தது பாட்ரிக் டாம்பே என்ற வேறொருவரை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவார். மெக்லாரன் விட்டதை ஃபெராரி பிடித்தது. நிக்கி லாடா கிளம்பிப்போன இடத்தில், ஒரே ஒரு எஃப்1 ரேஸ் ஓட்டியிருந்த ஒருவரை உட்காரவைத்தார் என்ஸோ ஃபெராரி. அந்தக் கிழவருக்கு, தன் இளமையில் பார்த்த டாஸியோ நுவொலாரியை இந்தப் பையன் நினைவுபடுத்தினான் என்பது காரணம்.

ஹீரோவா, ஆபத்தான ஆளா?

தொடக்கமே மோசம். 1977 ஜப்பான் ரேஸில் ரோனி பீட்டர்சனின் கார் மீது மோதி வில்நெவின் ஃபெராரி பறந்தது. தடை செய்யப்பட்ட பகுதியில் நின்றிருந்தவர்கள் மீது விழுந்ததில் இரண்டு பேர் இறந்தார்கள். அவரைப் புகழும் வீடியோக்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டக் கூடாத விஷயம் இது.

1978-ல் சொந்த மண்ணான மான்ட்ரியலில் முதல் வெற்றி. அடுத்த வருடம்தான் அவரை ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்த வருடம். பிரான்ஸின் டிஜானில் ரெனே அர்னூவும் இவரும் கடைசி சில லேப்களில் சக்கரத்தோடு சக்கரம் உரச ஓட்டியது இன்றுவரை யூடியூபில் ஓடுகிறது. அவர்கள் மோதிக்கொண்டது இரண்டாவது இடத்துக்கு. ரெனோவின் டர்போ காருக்கு முதல் வெற்றியைத் தந்து ஜெயித்த ஜபூயை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பாவம். ரேஸ் முடிந்ததும் அர்னூவும் வில்நெவும் சிரித்துக்கொண்டார்கள். சக ஓட்டுநர்கள் சிலர் சிரிக்கவில்லை. இப்படி ஓட்டினால் யாராவது செத்துப்போவார்கள் என்று கண்டித்தார்கள்.

அதே வருடம் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் டயர் வெடித்துத் திரும்பி நின்றது அவர் கார். இறங்கி நடந்திருக்கலாம். அவரோ ரிவர்ஸ் எடுத்து, மூன்று சக்கரத்தில், நான்காவதைத் தரையில் இழுத்துக்கொண்டே பிட் வரை ஓட்டிவந்தார். அன்று கூட்டம் கைதட்டியது. இன்று யாராவது அதைச் செய்தால் கடுமையான தண்டனை நிச்சயம். தண்டிப்பதுதான் சரியும்கூட.

ஆனால், இவர் கண்மண் தெரியாமல் ஓட்டும் ஆள் மட்டும்தான் என்றால் 1981 ஸ்பெயின் ரேஸை எங்கே வைப்பது? ஹராமா டிராக்கில் அவரது ஃபெராரி வளைவுகளில் ஆமை. நேர் பாதையில் மட்டும் டர்போ புண்ணியத்தில் வேகம். பின்னால் நான்கு வேகமான கார்கள் ரயில் பெட்டி போல வரிசை கட்டி நின்றன. லேப் மேல் லேப். அவர் யாரையும் இடிக்கவில்லை, குறுக்கே பாய்ந்து மறிக்கவில்லை. தப்பே செய்யாமல் ஓட்டினார், அவ்வளவுதான். முதல் ஐந்து பேரும் 1.24 விநாடிக்குள் கோட்டைத் தாண்டினார்கள். அதுதான் அவரது ஆறாவது, கடைசி வெற்றி.

அணி சொன்னால் கேட்பவர்

இமோலாவைப் புரிந்துகொள்ள 1979 மோன்சாவுக்குப் போக வேண்டும். ஃபெராரியின் ஜோடி ஷெக்டர் முன்னால், வில்நெவ் ஒட்டிக்கொண்டு பின்னால். ஷெக்டர் ஜெயித்தால் அங்கேயே உலக சாம்பியன். அணியில் பேசி வைத்தது, இருவரும் முன்னால் இருந்தால் இடம் மாறக் கூடாது என்பது. வில்நெவுக்கும் அப்போது பட்ட வாய்ப்பு இருந்தது. ஆனாலும் கடைசி வரை பின்னாலேயே வந்தார். ஷெக்டர் சாம்பியன் ஆனார். சீசன் முடிவில் இருவருக்கும் இடையே 4 புள்ளிதான் வித்தியாசம். அவருக்கு சாம்பியன்ஷிப் இவ்வளவு பக்கத்தில் அதன் பிறகு வரவே இல்லை.

1980-ல் ஃபெராரி கார் படுமோசம். வருடம் முழுக்க வில்நெவுக்கு 6 புள்ளி. ஷெக்டர் ஓய்வு பெற்றார். 1981-ல் அவர் இடத்துக்கு வந்தவர் பிரெஞ்சுக்காரரான டிடியே பிரோனி. இருவரும் நன்றாகத்தான் பழகினார்கள். சக வீரர் தன்னை ஏமாற்றமாட்டார் என்று வில்நெவ் நம்பினார். தான் மோன்சாவில் அப்படித்தானே நடந்துகொண்டோம் என்பது அவர் கணக்கு.

இமோலாவில் என்ன நடந்தது?

1982 ஏப்ரல் 25, சான் மரினோ கிராண்ட் பிரி. எஃப்1 நிர்வாகத்துக்கும் பிரிட்டிஷ் அணிகளுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் பெரும்பாலான அணிகள் புறக்கணித்துவிட, வெறும் 14 கார்கள்தான் ஓடின. ஃபெராரிக்கு உண்மையான போட்டி ரெனோ மட்டுமே. அதில் ப்ரோஸ்ட் ஆரம்பத்திலேயே வெளியேறினார். 60 லேப் ரேஸில் 44-வது லேப்பில் அர்னூவின் இன்ஜினும் போனது.

இப்போது முன்னால் வில்நெவ், அடுத்து பிரோனி. விரட்ட ஆளே இல்லை. டர்போ இன்ஜின்கள் பெட்ரோலைக் குடிக்கும். இமோலாவோ அந்த விஷயத்தில் இன்னும் மோசமான டிராக். நடுவில் எரிபொருள் தீர்ந்தால் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் மானம் போகும். இன்று போல இன்ஜினீயர் காதில் பேசிக்கொண்டே இருக்கும் காலமும் அல்ல. பிட் சுவரில் ஒரு பலகையை நீட்டினார்கள். அதில் ஒரே ஒரு சொல்: ஸ்லோ.

இந்த ஒரு சொல்லில்தான் மொத்த விவகாரமும்.

வில்நெவ் புரிந்துகொண்டது: வேகத்தைக் குறை, இடம் மாறாதே. மோன்சாவில் இருந்த அதே எழுதாத சட்டம். பிரோனி புரிந்துகொண்டதாகப் பிறகு சொன்னது: காரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், அவ்வளவுதான், முந்தக் கூடாது என்று பலகையில் எங்கே இருக்கிறது?

பிரோனி முந்தினார். கூட்டத்துக்காக விளையாடுகிறார் என்று நினைத்த வில்நெவ் திரும்ப முந்தி, வேகத்தை மறுபடி குறைத்தார். பிரோனி திரும்பவும் முந்தினார். இவர் முன்னால் போனால் வேகம் குறையும், அவர் முன்னால் போனால் கூடும். 59-வது லேப்பில் வில்நெவ் முன்னிலையைப் பிடித்தார். இனி எல்லாம் முடிந்தது என்று தடுக்காமல் ஓட்டியவரை, கடைசி லேப்பில் டோசா வளைவில் பிரோனி தாண்டிப் போனார். அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. ஃபெராரிக்காக பிரோனியின் முதல் வெற்றி அது.

மேடையில் வில்நெவ் முகத்தைப் பார்த்தாலே போதும், மொழிபெயர்ப்பு தேவையில்லை. இனி பிரோனியோடு பேசப்போவதே இல்லை என்று முடிவெடுத்தார். அணி மேலாளர் மார்கோ பிச்சினினி முதலில் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து என்ஸோ ஃபெராரி பகிரங்கமாக வில்நெவின் வருத்தத்தில் நியாயம் இருப்பதாக அறிவித்தார்.

யார் பக்கம் நியாயம்? ஃபெராரியில் இருந்த வழக்கத்தையும், வேகம் குறைந்த கணக்கையும் பார்த்தால் வில்நெவ் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. தகுதிச் சுற்றில் பிரோனியைவிட ஒரு விநாடிக்கும் மேல் வேகமாக ஓட்டியவர் அவர். நிஜமாகவே ரேஸ் நடந்திருந்தால் பிரோனிக்குக் கஷ்டம்தான். ஆனால், பிரோனி ரசிகர்கள் கேட்கும் கேள்வியும் லேசானது அல்ல. முன்னால் இருப்பவரைப் பின்னால் இருப்பவர் முந்துவதற்குத்தானே ரேஸ்? குழப்பமான ஒரு சொல்லைப் பலகையில் எழுதி நீட்டிவிட்டு, இரண்டு ஓட்டுநர்களையும் மோதவிட்டது அணிதானே? அந்தப் பலகையை நீட்டியவர்கள் மீது விழ வேண்டிய பழியில் பாதிகூட விழவில்லை.

ஸோல்டர்

13 நாள் கழித்து, மே 8. பெல்ஜியத்தின் ஸோல்டரில் தகுதிச் சுற்று முடிய சில நிமிடங்களே பாக்கி. பட்டியலில் வில்நெவை விட பிரோனி விநாடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால். தகுதிச் சுற்று டயர்கள் ஒன்றிரண்டு லேப்புக்குத்தான் பிடிப்புக் கொடுக்கும். வில்நெவிடம் இருந்தது கடைசி செட்.

எதிரில் ஜோகன் மாஸ் மெதுவாக வந்துகொண்டிருந்தார். ஃபெராரியைக் கண்ணாடியில் பார்த்து, வழிவிட வலது பக்கம் ஒதுங்கினார். அதே நொடியில் வில்நெவும் முந்துவதற்கு வலது பக்கம் திரும்பினார். மாஸின் பின்சக்கரத்தில் ஏறிய ஃபெராரி நூறு மீட்டருக்கும் மேல் பறந்து, மூக்கு குத்தி விழுந்து சிதறியது. இருக்கையோடு தூக்கி எறியப்பட்ட வில்நெவின் கழுத்து முறிந்தது. அன்றிரவே லூவன் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 32. விசாரணையில் மாஸ் மீது பழி விழவில்லை.

பிரோனியை முந்தும் வெறியில்தான் இறந்தார் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அந்த லேப்பில் அவர் பிட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும், மெதுவாகப் போகும் காரைக் கண்டால் இடைவெளி தேடிப் பாய்வது அவருக்கு அன்று புதிதாக வந்த பழக்கம் அல்ல.

அதன் பிறகு

பிரோனி சாம்பியன்ஷிப்பில் முன்னிலைக்கு வந்தார். ஆகஸ்டில் ஹாக்கன்ஹைமில் மழையில் பயிற்சியின்போது ப்ரோஸ்ட்டின் காருக்குப் பின்னால் மோதி, ஏறக்குறைய வில்நெவ் போலவே பறந்தார். உயிர் தப்பியது, கால்கள் நொறுங்கின. பல ரேஸ்களைத் தவறவிட்டும் 5 புள்ளியில்தான் பட்டத்தை இழந்தார். எஃப்1-க்குத் திரும்பவே இல்லை.

வில்நெவின் 27-ம் எண் காரை ஃபெராரி கொடுத்தது பாட்ரிக் டாம்பேவுக்கு. ஆம், மெக்லாரன் அன்று தேர்ந்தெடுத்த அதே டாம்பே. வில்நெவின் நெருங்கிய நண்பர். 1983-ல் இமோலாவில், அதே 27-ம் எண்ணோடு அவர் ஜெயித்தார்.

மான்ட்ரியல் டிராக் இன்று ஜில் வில்நெவ் பெயரில் இருக்கிறது. மகன் ஜாக் 1997-ல், அப்பாவுக்குக் கிடைக்காத உலக சாம்பியன் பட்டத்தை வில்லியம்ஸ் காரில் வென்றார்.

பிரோனி 1987-ல் இங்கிலாந்து அருகே விசைப்படகுப் போட்டியில் இறந்தார். அப்போது அவரது துணைவி கர்ப்பமாக இருந்தார். பிறந்தது இரட்டை ஆண் குழந்தைகள். ஒருவருக்கு டிடியே என்று பெயர் வைத்தார். இன்னொருவருக்கு ஜில்.

அந்த ஜில் பிரோனி வளர்ந்து மெர்சிடிஸ் எஃப்1 அணியில் இன்ஜினீயர் ஆனார். 2020-ல் சில்வர்ஸ்டோனில் லூயிஸ் ஹாமில்டன் ஜெயித்தபோது, அணி சார்பில் மேடையேறிக் கோப்பையை வாங்கியது அவர்தான்.