நான்காவது சூளை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1856ஆம் ஆண்டில் அடிமைத்தாய் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் விடுதலை கிட்டியது, வறுமை விலகவில்லை. உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்துக்கொண்டே எழுத்தறிந்தார். 1872இல் ஏறத்தாழ 500 மைல் பயணம் செய்து ஹாம்ப்டன் பள்ளியை அடைந்தார். அங்கு அவருக்கு வாய்த்த நுழைவுத்தேர்வு ஓர் அறையைப் பெருக்குவதே. மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசு துடைத்துப் பள்ளியில் இடம்பெற்றார்.

1881ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கறுப்பின மாணவர் 30 பேருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கான கட்டடத்தை மாணவரே எழுப்ப வேண்டும் என முடிவு செய்தார். பெற்றோர் பலர் எதிர்த்தனர். தலைமுறை தலைமுறையாகச் சாட்டைக்கு அஞ்சி உழைத்தவர்கள், தம் பிள்ளைகள் நூல்களை மட்டுமே தொட வேண்டும் என விரும்பியதில் வியப்பில்லை. ஆனால், அடிமையின் உழைப்பு வேறு, கற்றவரின் உழைப்பு வேறு என்பதைச் செயலால் காட்ட முற்பட்டார் வாஷிங்டன்.

அவ்வூரில் செங்கற்சூளை இல்லை. மாணவர்கள் முழங்காலளவு சேற்றில் நின்று மண் குழைத்தனர். வெறுத்துப் பள்ளியை விட்டு நீங்கியோரும் உண்டு. ஏறத்தாழ 25,000 கற்கள் அடுக்கிய முதற்சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் வீணாயிற்று. மூன்றாவது சூளை பல நாள் எரிந்து, வேலை முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்தது. கையில் பணமில்லை. வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை நன்கு வெந்தது. கடிகாரத்தைத்தான் மீட்க இயலவில்லை.

தரமான செங்கல் தேடி வெள்ளையரும் அப்பள்ளிக்கு வந்தனர். தச்சு, இரும்பு வேலை, அச்சு, வண்டி செய்தல் எனத் தொழிற்பிரிவுகள் பெருகின. 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வேளாண்மை கற்பிக்க வந்தார்.

தொழிற்கல்வியை முன்னிறுத்திய வாஷிங்டன் உரிமைப் போராட்டத்தைப் பின்தள்ளினார் என அறிஞர் டு பாய்ஸ் 1903இல் குறைகூறினார். தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டுவந்த காலம் அது. அக்குறையைப் புறந்தள்ள இயலாது. கைத்திறன் பசியைத் தீர்க்கும். உரிமையைத் தனியே போராடித்தான் பெற வேண்டும். எனினும், கற்றதைக் கையால் செய்து காட்டும் தன்னம்பிக்கையை ஒரு தலைமுறைக்கு அளித்தவர் வாஷிங்டன்.

1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தார். டஸ்கீகி வளாகத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அக்கல்லறை, மாணவர்கள் தம் கைகளால் செய்த செங்கற்களால் ஆனது.