மூன்று யாப்புகளைக் கண்ட ரீ.பி. ஜாயா

1890இல் கலகெதரையில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தவர் மர்ஹூம் ரீ.பி. ஜாயா. 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியைக் கட்டியெழுப்பிய அதிபராகவே அவரை அதிகம் நினைவுகூருகிறோம். நாட்டின் யாப்பு மாறிய வரலாறும் அவரது வாழ்வோடு பிணைந்தது.

1924இல் முஸ்லிம்கள் மட்டும் வாக்களித்த இனவாரித் தேர்தலில் அவர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தது. இனவாரி ஆசனங்களை நீக்கியது. 1936இல் அவர் அரசாங்க சபைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். சோல்பரி யாப்பின் கீழ் 1947இல், பல்லினத்தவரும் வாழும் மத்திய கொழும்பில் வென்று அமைச்சரானார்.

அந்த சோல்பரித் திட்டத்துக்கு 1945இல் அரசாங்க சபையில் 51 பேர் ஆதரவளித்தனர், மூவர் எதிர்த்தனர். முஸ்லிம்களுக்குத் தனிச் சலுகை எதையும் நிபந்தனையாக்காமல் ஜாயாவும் ஆதரித்தார். ஓர் இனத்தையோ மதத்தையோ மட்டும் பாதிக்கும் சட்டங்களை அந்த யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்தது. ஆயினும், அது நடைமுறையில் இருக்கும்போதே 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோனது.

ஜாயா 1960இல் மதீனாவில் வபாத்தானார். 1972இன் குடியரசு யாப்பில் அந்தப் பிரிவு இடம்பெறவேயில்லை.

அவர் நல்லெண்ணத்தோடு நாட்டை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு எழுத்திலிருந்த காப்பு கால் நூற்றாண்டே நிலைத்தது. புதிய யாப்பு பற்றிப் பேசப்படும்போதெல்லாம், என்ன சேர்க்கப்படுகிறது என்பதோடு எது விடப்படுகிறது என்பதையும் நாம் வாசித்தறிய வேண்டும்.