'காலே' பூச்சாடி: பெயருக்கு முன்னால் இருக்கும் குட்டி நட்சத்திரம் சொல்வது என்ன?

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கத்துத் தெருக்களில் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குவது பழகிப்போன விஷயம். ஊருக்குக் கிளம்பும்போது அவர்கள் விட்டுப்போகும் சாமான்கள் பழைய பொருள் கடைக்கு வரும். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியும் இங்கிருந்து சுமார் 100 கி.மீ.தான். அப்படியொரு கடையில், அடுக்கடுக்காக நிறம் மாறும் கண்ணாடிப் பூச்சாடி ஒன்றில் 'காலே' என்ற பெயரைப் பார்த்தால் உடனே விலை பேசிடாதீங்க. பெயர் அவருடையதுதான். சாடி அவர் காலத்ததா என்பது வேறு கேள்வி.

எமில் காலே 1846-ல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்தவர். அப்பாவுக்குப் பீங்கான், கண்ணாடி வியாபாரம். பையனுக்கோ செடிகொடி மேல் பைத்தியம். தாவரவியல் படித்தார், தோட்டக்கலைச் சங்கத்தில் பொறுப்பு வகித்தார், கட்டுரைகள் எழுதினார். அவருடைய சாடிகளில் இருக்கும் பூவை இன்ன செடி என்று பெயர் சொல்லிவிடலாம் என்றால் காரணம் இதுதான். சும்மா அழகுக்கு வரைந்த பூ இல்லை.

கண்ணாடித் தொழிலை அவர் கற்றது மைசென்தால் என்ற ஊரில். 1870 போரில் பிரான்ஸ் தோற்றதும் அந்த ஊர் ஜெர்மனி கைக்குப் போய்விட்டது. நான்சி எல்லை நகரம் ஆனது. காலே அந்தப் போரில் தானாக முன்வந்து படையில் சேர்ந்தவர். 1877-ல் அப்பாவின் தொழிலை ஏற்ற பிறகும், ஜெர்மனி பக்கம் இருந்த அந்த உலையில்தான் பல ஆண்டுகள் கண்ணாடி செய்து வாங்க வேண்டியிருந்தது. நான்சியில் சொந்த உலை வைத்தது 1894-ல். இழந்த மண்ணின் நினைவாக, சில சாடிகளில் பெயரோடு இரட்டைக் குறுக்குக்கோடு போட்ட லொரேன் சிலுவையும் இருக்கும்.

செய்முறை என்ன? சுவரில் ஒரு கலர் மேல் இன்னொரு கலர் பூசி, மேல் பூச்சைச் சுரண்டினால் கீழே உள்ளது தெரியும் இல்லையா, அதுபோலத்தான். வெவ்வேறு நிறக் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஊதுவார்கள். பிறகு வேண்டிய இடத்தை மறைத்துவிட்டு மீதியை அமிலத்தால் அரிப்பார்கள்; உயர்ந்த ரகம் என்றால் சுழலும் சக்கரத்தில் செதுக்குவார்கள். காலே வரைந்து கொடுப்பார், கைவேலை ஊழியர்களுடையது. 1889 பாரீஸ் கண்காட்சியில் கண்ணாடிப் பிரிவின் பெரும்பரிசு அவருக்குத்தான்.

புகழின் உச்சியில் இருந்தபோது ஒரு வம்பையும் இழுத்துக்கொண்டார். உளவாளி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸுக்காக வெளிப்படையாக நின்றார். நான்சியில் அது பிடிக்காதவர்கள் ஏராளம், வாடிக்கையாளர்களையும் இழந்தார். பின்வாங்கவில்லை. பொய்யையும் வெறுப்பையும் இருண்ட உருவங்களாகக் காட்டும் 'கறுப்பு மனிதர்கள்' என்ற சாடியைச் செய்து 1900 பாரீஸ் கண்காட்சியிலேயே வைத்தார். பூச்சாடியில் அரசியல் பேசியவர் அந்தக் காலத்தில் வேறு யார்?

1904 செப்டம்பரில் 58 வயதில் இறந்தார். தொழிற்சாலை நிற்கவில்லை. மனைவி ஆன்ரியட் பொறுப்பேற்று நடத்தினார். அவர் இறந்துவிட்டதைக் குறிக்கப் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் சேர்த்தார்கள். அதனால் நட்சத்திரம் இருந்தால் அது அவர் போன பிறகு வந்த சாடி, ஆனால் அசல். சில ஆண்டுகளில் நட்சத்திரத்தையும் விட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் 1930-கள் வரை ஓடியது. இங்கேதான் குழப்பம். நட்சத்திரம் இல்லாததால் மட்டும் அவர் காலத்தது ஆகிவிடாது.

அப்புறம் நகல்கள். ருமேனியாவில் இதே பாணியில் செய்யப்பட்டவை உலகம் முழுக்கச் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் காலே பெயரோடு 'டிப்' என்ற மூன்றெழுத்தும் இருக்கும். ருமேனிய மொழியில் 'வகை' என்று அர்த்தம். அதாவது, காலே வகை. செய்தவர்கள் மறைக்கவில்லை. விற்கிறவர்கள் சிலர் அந்த மூன்றெழுத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே சாடியை வெளிச்சத்தில் பிடித்து நிறம் அடுக்கா, மேல்பூச்சா என்று பாருங்க. வடிவத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் மேடு தட்டுப்படணும். கடைசியாக, பெயருக்குப் பக்கத்தில் விரல் வையுங்க. அங்கே மட்டும் தேய்த்த தடம் இருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் யோசிக்கணும்.