எழுதுகோலை நிறுத்திய மாணாக்கர்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூரை வரலாற்று ஆய்வாளர் நன்கறிவர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கியது. அவ்வூரில் பின்னாளில் தோன்றியவர் கூரத்தாழ்வான். அவரைப் பக்தராகப் போற்றி எழுதியோர் பலர். நாம் இங்கு அவரை ஒரு மாணாக்கராகவும் ஆசிரியராகவும் காண முற்படுகின்றோம்.

திருமறுமார்பன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் கி.பி. 1010இல் பிறந்தார் என்பது வைணவ மரபு. பெருஞ்செல்வர், அன்னதானத்திற்குப் பெயர் பெற்றவர். அச்செல்வம் அனைத்தையும் துறந்து, துணைவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் சென்று இராமானுசரை அடைந்தார். வழியில் அம்மையார் மடியில் வைத்திருந்த பொன்வட்டிலையும் வாங்கி எறிந்துவிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

பிரம்ம சூத்திரத்திற்கு உரை காண விழைந்த இராமானுசருக்குப் போதாயனரின் பழைய விருத்தியுரை தேவைப்பட்டது. அதன் படி காசுமீரத்தில் இருந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் அத்துணைத் தொலைவு நடந்து சென்று நூலைப் பெற்றனர். ஆனால் அங்கிருந்த பண்டிதர் சிலர் பின்தொடர்ந்து வந்து அதனைப் பறித்துக்கொண்டனர். இராமானுசர் மனம் தளர்ந்தார். ஆழ்வானோ, இரவுதோறும் ஆசிரியர் உறங்கியபின் அந்நூலைப் படித்து நெஞ்சில் பதித்திருந்தார். பூட்டி வைக்கப்பட்ட நூல் என்னும் இடர் இன்றும் தீர்ந்தபாடில்லை. விலைமிக்க ஆய்விதழ்களை அரசு நிறுவனங்கள் பெறுவதற்கென நடுவண் அரசு 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நூல் கைக்கு வருவது ஒன்று. நெஞ்சிற்குள் செல்வது வேறொன்று.

நினைவாற்றலினும் நம்மைப் பெரிதும் கவர்வது திருவரங்கத்தில் நிகழ்ந்ததேயாகும். இராமானுசர் சொல்ல, ஆழ்வான் ஏட்டில் எழுத, ஸ்ரீபாஷ்யம் உருவாயிற்று. தாம் கூறுவது பொருந்தாது என்று தோன்றினால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசிரியரே விதித்த கட்டளை. உயிரின் இயல்பை விளக்கும் இடத்தில், அதன் அறியும் தன்மையை மட்டும் இராமானுசர் கூறினார். இறைவனுக்கு உரிமைப்பட்டிருக்கும் தன்மையைக் கூறவில்லை. ஆழ்வானின் கை நின்றது. சினந்த ஆசிரியர், அவரே உரை எழுதிக்கொள்ளட்டும் என்று கடிந்து அகன்றார். ஆழ்வான் எதிர்வாதம் செய்யவில்லை, எழுதவும் இல்லை. பின்னர் இராமானுசர் தனித்திருந்து சிந்தித்து, மாணாக்கர் பக்கமே நியாயம் எனக் கண்டு, அவ்விடத்தைத் திருத்திச் சொன்னார். அதன்பிறகே எழுத்து தொடர்ந்தது.

இன்றைய ஆய்வுக் கூடங்களில் அவ்வாறு கையை நிறுத்தும் மாணாக்கர் எத்துணைப் பேர்? நிறுத்தினால் பொறுக்கும் நெறியாளர்தாம் எத்துணைப் பேர்? கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிகள் வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், பிறர் எழுத்தை எடுக்காமலேயே கட்டுரையைப் பிறிதொன்றைக் கொண்டு எழுதுவித்தல் எளிதாகிவிட்டது. சொன்னதையெல்லாம் எழுதும் கை இப்போது எவர்க்கும் கிடைக்கின்றது. ஒவ்வாத இடத்தில் நிற்கும் கையை எந்த விழுக்காட்டுக் கணக்கும் அளந்து காட்டாது. வாய்மொழித் தேர்வைச் சடங்காக்கிவிட்ட நம் துறைகள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சோழ அரசன் ஒருவன் இராமானுசரை அழைத்து வரச் செய்தபோது, ஆசிரியரின் காவியுடையைத் தாம் அணிந்து, பெரிய நம்பியுடன் ஆழ்வானே சென்றார் என்பது மரபுச் செய்தி. இராமானுசர் கருநாடகப் பகுதிக்குச் சென்று உயிர் தப்பினார். ஆழ்வான் கண்களை இழந்தார். (அவன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்தொற்றுமை இல்லை.) அதன்பின் திருமாலிருஞ்சோலையில் தங்கியிருந்து சுந்தரபாகுஸ்தவம் இயற்றினார். அவர்தம் மக்களுள் ஒருவரான பராசர பட்டர் பின்னாளில் பெரும் பேராசிரியராக விளங்கினார்.

அரசனைத் தூண்டிய நாலூரான் என்பவன் ஆழ்வானிடமே பயின்றவன் என்பர். முதுமையில் ஆசிரியரின் கட்டளைப்படி காஞ்சி வந்து, வரதராசப் பெருமாள் திருமுன் வரதராசஸ்தவம் பாடிய ஆழ்வான், வரம் கேட்க வாய்த்தபோது தம் கண்களைக் கேட்கவில்லை. தாம் அடையும் பேற்றினை நாலூரானும் அடைய வேண்டும் என்று வேண்டினார்.