மக்கள் கலைஞர் பி. ரம்லி

பி. ரம்லி 1929ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்தார். 1948இல் சிங்கப்பூருக்குச் சென்று பின்னணிப் பாடகரானார். தமிழரான எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தில் 1950இல் கதாநாயகனாக நடித்தார். 1955இல் தாமே இயக்கிய முதல் படமான ‘பெனாரிக் பேச்சா’வில், மூன்று சக்கர பேச்சா வண்டி மிதிக்கும் ஏழை இளைஞனாகத் தோன்றினார். 1957இல் வெளிவந்த ‘பூஜாங் லாப்போக்’ படத்திலோ, வாடகை அறையில் காலந்தள்ளும் மூன்று பிரம்மச்சாரிகளின் பாடுகளை நகைச்சுவையோடு காட்டினார். எளிய மக்கள் தங்கள் அன்றாட வாழ்வையே திரையில் கண்டு சிரித்தனர், கண்கலங்கினர்.

1964இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தபின் அவர் எடுத்த படங்கள் முன்போல் ஓடவில்லை. 1973இல், 44ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். 1990இல்தான் ‘டான் ஸ்ரீ’ விருது அவரைத் தேடி வந்தது. ஆயினும், அக்கால மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு அவருடைய படங்கள் இன்றும் துணைநிற்கின்றன.