ஜகதீஷ் சந்திர போஸ் (1858 – 1937)

சூரியகலம் பற்றிக் கற்கும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய விஞ்ஞானிகளுள் ஜகதீஷ் சந்திர போஸ் ஒருவராவார்.

இவர் 1858 நவெம்பர் 30 இல் வங்காளத்தில் பிறந்தார். கேம்பிறிட்ஜில் கற்றுத் திரும்பி, 1885 இல் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியரிலும் குறைந்த சம்பளம் இவருக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதனைப் பெற மறுத்து மூன்று ஆண்டுகள் கற்பித்தார். பின்னர் முழுச் சம்பளமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

கலீனா எனும் ஈயச்சல்பைட்டுப் பளிங்கு மின்காந்த அலைகளை உணர்வதைக் கண்டார். அது ஒளிக்கும் தூண்டற்பேறு காட்டியது. கண்டுபிடிப்பால் பணம் ஈட்ட இவர் விரும்பவில்லை. எனினும் நண்பர்களின் வற்புறுத்தலால் 1901 இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1904 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை கிடைத்தது. குறைகடத்திச் சாதனமொன்றுக்கான முதலாவது ஆக்கவுரிமையாக இது கருதப்படுகின்றது. இவர் அதனைக் காலாவதியாக விட்டார்.

1917 இல் போஸ் ஆய்வு நிறுவகத்தை நிறுவினார். 1937 நவெம்பர் 23 இல் காலமானார்.

1954 இல் பெல் ஆய்வுகூடம் ஏறத்தாழ 6% வினைத்திறனுடைய சிலிக்கன் சூரியகலத்தை வெளியிட்டது. முதலில் செய்மதிகளில் பயன்பட்ட சூரியகலம், விலை குறைந்த பின்னரே வன்னியின் வீட்டுக் கூரைகள் வரை வந்தது.

நினைவிற் கொள்க: கலீனாவைப் போன்று சிலிக்கனும் ஒரு குறைகடத்தியாகும்.